ஐந்து அறை அட்டைப் பெட்டி: ஒரு கல்வியாண்டு முழுக்கப் புழங்கிய பிறகு

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் வாரத்தில், பாடம் நினைவில் நிற்கக் கேள்வி-விடை அட்டைகள் போட்டுவைக்க வாங்கிய பெட்டி இது. இப்போது ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை நடக்கிறது. பெட்டியின் மூடி ஒரு பக்கம் கழன்று ரப்பர் பேண்டில் நிற்கிறது. ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்துவிட்டது. உள்ளே 214 அட்டைகள் இருக்கின்றன, நேற்று அவளே உட்கார்ந்து எண்ணினாள். வாங்கிய புதிதில் நாலு வரி எழுதியிருக்கலாம். ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாங்கும் எந்தப் பொருளும் முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருக்கும். பதினோராம் நாள்தான் அதன் குணம் தெரியும். அதனால் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருந்தேன்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கனத்த அட்டையால் செய்த நீளப் பெட்டி. உள்ளே நான்கு தடுப்புகள், ஆக ஐந்து அறைகள். கூடவே அச்சடித்த 100 அட்டைகள், எதுவும் எழுதாத 200 அட்டைகள், ஒரு சின்னக் கையேடு. அட்டை ஏ7 அளவு, அதாவது 74 × 105 மில்லிமீட்டர். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குச் சரியாக இருக்கும். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. புது அட்டை முதல் அறையில் சேரும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் எடுக்க வேண்டும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. இந்த நாள்கணக்கு எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்டது. கையேட்டில் வேறு கணக்கு இருந்தது, எங்களுக்கு ஒத்துவரவில்லை.

முறை புதிதல்ல. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பியது. அதற்கும் முன்னால் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். படித்தது தொடக்கத்தில் மளமளவென்று மறக்கும், அப்புறம் மறதி மெதுவாகும். மறக்கப்போகும் நேரத்தில் ஒரு தடவை நினைவுபடுத்தினால் அடுத்த மறதி தள்ளிப்போகும். ஐந்து அறையும் இதற்காகத்தான்.

நான் மருத்துவமனையில் செவிலியர். காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மாலை என்றாலே வீட்டில் சண்டைதான். நான் களைத்து வருவேன், அவளும் களைத்திருப்பாள். "வாய்ப்பாடு படிச்சியா?" என்று கேட்பேன். "படிச்சுட்டேம்மா" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை நாலு தடவை வாசித்திருப்பாள். ஆனால் நடுவில் ஒன்றைக் கேட்டால் விழிப்பாள். நான் குரலை உயர்த்துவேன். அவள் அழுவாள். கணவர் வந்து, "விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாளைக்கும் இதே கதைதான்.

அவள் சொன்னது ஏன் பொய்யில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். திரும்ப வாசிக்கும்போது எழுத்துகள் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்ததாகப் பெரியவர்களே நினைத்துக்கொள்ளும்போது எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அட்டையில் விடை பின்பக்கம் இருப்பதால் அந்தப் பழக்கத்துக்கு அங்கே வேலையில்லை. தெரிந்தால் வாயில் வரும், தெரியாவிட்டால் வராது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பெட்டியை வாங்கினேன்.

முதல் வாரம் படுதோல்வி. முழுத் தவறும் என்னுடையது. ஆசையில் ஒரே இரவில் 60 அட்டைகள் எழுதி முதல் அறையில் அடைத்துவிட்டேன். மறுநாள் 60ஐயும் கேட்டால் 40 தவறு. அந்த 40ம் முதல் அறையிலேயே நின்றன. மூன்றாம் நாள் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. நான்காம் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு உறையில் போட்டுவிட்டு மூன்றே மூன்றை மட்டும் உள்ளே வைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று புது அட்டை, அதற்கு மேல் கிடையாது. முதல் அறையில் பன்னிரண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அன்றைக்குப் புது அட்டையே கிடையாது. இந்த இரண்டு விதியையும் கையேடு சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ முதல் நாளே பெட்டியை நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

வாய்ப்பாட்டில்தான் முதலில் பலன் தெரிந்தது. இரண்டிலிருந்து ஒன்பது வரை எழுதினால் மொத்தம் 64 பெருக்கல். பிள்ளைக்கு இது மலை மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு எல்லா விடையையும் எழுதினேன். அப்புறம் தெரிந்ததை அடிக்க ஆரம்பித்தோம். 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதானே என்று அவளே சொன்னாள். திருப்பிப் போட்டதையெல்லாம் அடித்தோம், 36 ஆனது. இரண்டாம் வாய்ப்பாடு தெரியும், அடி. ஐந்தாம் வாய்ப்பாடு தெரியும், அடி. ஒன்பதுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். 9 × 7 என்றால் ஏழில் ஒன்று குறைத்து ஆறு. ஆறோடு எதைக் கூட்டினால் ஒன்பது? மூன்று. ஆக 63. பத்து விரலையும் நீட்டி ஏழாவது விரலை மடக்கிக் காட்டினேன், இந்தப் பக்கம் ஆறு விரல், அந்தப் பக்கம் மூன்று விரல். வாயைப் பிளந்து பார்த்தாள். ஒன்பதையும் அடித்தோம். கட்டத்தில் மிச்சம் நின்றது 15.

பதினைந்தே பதினைந்து. 3 × 3, 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 4, 4 × 6, 4 × 7, 4 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. நாளைக்கு மூன்று என்று ஐந்து நாளில் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. "இவ்ளோதானாம்மா?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஓராண்டாக என்னையும் அவளையும் அழவைத்த விஷயம் ஒரு கைப்பிடி அட்டையில் அடங்கிவிட்டது.

மற்றவை ஒரு மாதத்தில் மூன்றாம் அறையைத் தாண்டின. 7 × 8 மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாலை ஷிப்டில் இருக்கும் நாள்களில் அவர்தான் மகளோடு உட்காருவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. "எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாதும்மா" என்று முதலில் தயங்கினார். "நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம் அத்தை, அட்டையை எடுத்துக் கொடுங்க, அவளே சொல்லி அவளே திருப்பிப் பாப்பா" என்றேன். ஒருநாள் நான் வீடு திரும்பியபோது இருவரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். 7 × 8 அட்டை பாட்டியின் கையில். "கண்ணு, நாங்க இதை இப்படிச் சொல்லுவோம்" என்று பாட்டி இழுத்துச் சொன்னார்: "ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு." அறுபது ஆண்டுக்கு முன்னால் வகுப்பே சேர்ந்து கத்திச் சொன்ன ராகம் அது. மகள் அதே ராகத்தில் பின்னால் சொன்னாள். மறுநாள் அந்த அட்டை இரண்டாம் அறைக்குப் போனது. அப்புறம் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் 7 × 8 என்று கேட்டால் உதடு லேசாக அசையும், ராகத்தோடுதான் விடை வரும்.

வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து உட்காரலாம் என்பதுதான் எனக்கு இந்தப் பெட்டியில் மிகப் பிடித்தது. அம்மா எங்கே விட்டாள், அப்பா எங்கே தொடர வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தால் அன்றைய நிலை கண்முன் இருக்கும். ஷிப்டில் வேலை பார்க்கும் பெற்றோருக்கும், பிள்ளை சில நாள் ஒரு வீட்டிலும் சில நாள் இன்னொரு வீட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கும் இது பெரிய உதவி.

அடுத்தது எழுத்துப் பிழை. தமிழில் ர, ற எங்கே வரும் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அட்டைகளை அவளே எழுதட்டும் என்று விட்டேன். முன்பக்கம் சொல்லின் பொருளைப் படமாக வரைவாள், பின்பக்கம் சொல்லை எழுதுவாள். படத்தைப் பார்த்துச் சொல்லை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். 'கறை' அட்டைக்குச் சட்டை வரைந்து அதில் ஒரு மைத்துளி வைத்தாள். 'கரை' அட்டைக்கு ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தவளை. இரண்டு மாதமாகியும் ஒரு கத்தை அட்டை முதல் அறையை விட்டு நகரவில்லை. இரை, இறை, அரை, அறை, எரி, எறி, ஏரி, ஏறி. இந்த எட்டும்தான்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த எட்டு அட்டையையும் பையில் எடுத்துப் போனேன். வழக்கமாக அங்கே நான் கேட்பது "எப்படி மிஸ் படிக்கிறா?" என்பதுதான், வழக்கமான பதில் "நல்லாப் படிக்கிறா, இன்னும் கவனம் வேணும்." இந்தத் தடவை அட்டைகளை மேசையில் பரப்பி, "இந்த எட்டும் நகரவே மாட்டேங்குது மிஸ்" என்றேன். ஆசிரியை ஒரு நிமிடம் பார்த்தார். மகளை அழைத்து, "அரைன்னு சொல்லு, அறைன்னு சொல்லு" என்றார். இரண்டையும் ஒரே மாதிரி சொன்னாள். "காதுக்கே வித்தியாசம் தெரியல, அப்புறம் கையில எப்படி வரும்?" என்றார். தனித்தனி அட்டையாக வைக்காமல் ஜோடியாக வைக்கச் சொன்னார். ஒரே அட்டையில் இரண்டு சொல், இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம். வீட்டுக்கு வந்து புது அட்டைகள் எழுதினோம். மகள் எழுதிய முதல் வாக்கியம்: "ஏரிக்கரையில் ஏறி நின்றேன்." எட்டு அட்டைகள் நான்கு ஆயின. மூன்று வாரத்தில் நான்கும் நகர்ந்தன.

ஆசிரியரிடம் கொண்டுபோக இப்படி ஒரு பிடி கிடைத்ததே பெரிய விஷயம். முப்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நாம் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் வழி சொல்லிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு முன் வெறும் மதிப்பெண் தாளைப் பார்ப்பதைவிட முதல் அறையைப் பாருங்கள் என்று தெரிந்த பெற்றோர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கேட்டேன், அது கொஞ்சம் வலித்தது. "வாய்ப்பாடு டக்டக்குன்னு சொல்றா. ஆனா கணக்கை வாக்கியமாக் கொடுத்தா எங்கே பெருக்கணும்னு தெரியல" என்றார் ஆசிரியை. உண்மைதான். அன்று மாலை சட்டைப் பொத்தான் டப்பாவைக் கொட்டி, "வரிசைக்கு எட்டு, ஏழு வரிசை அடுக்கு" என்றேன். அடுக்கினாள். "மொத்தம் எத்தனை?" ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். இருபதைத் தாண்டும்போது கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இது ஏழெட்டு!" வாயில் இருந்த ஐம்பத்தாறும் தரையில் இருந்த பொத்தான்களும் அவளுக்குள் சேர்ந்த அந்த நொடியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேர வேறு ஏதாவது வேண்டியிருந்தது, பெட்டியால் மட்டும் அது நடந்திருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருக்கல் அட்டையின் பின்பக்கமும் விடைக்குக் கீழே புள்ளி வரிசை போட்டோம். வாரம் இரண்டு நாள் அட்டையை எடுத்து, "இதுக்கு ஒரு கதை சொல்லு" என்று கேட்பேன். "ஆறு மேசை, மேசைக்கு நாலு கால்" என்று ஆரம்பிப்பாள்.

ஆகவே இந்தப் பெட்டியிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நினைவில் நிற்க வேண்டியதை இது நிறுத்தும். புரிய வேண்டியதைப் புரியவைக்காது. செடிக்கு ஏன் வெளிச்சம் வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதி வைத்தேன், கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள், அவ்வளவுதான். இரண்டு தொட்டியில் விதை போட்டு ஒன்றை அலமாரிக்குள் வைத்துப் பார்த்தபோதுதான் ஏன் என்று கேட்டாள். வாசிப்பும் பெட்டிக்கு வெளியே உள்ளதுதான். தினம் பதினைந்து நிமிடம் அவள் எனக்கு வாசிக்க வேண்டும் அல்லது நான் அவளுக்கு. அதை எந்த அட்டைக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது, அதற்கு மேல் வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். நான்காம் வகுப்பில் திடீரென்று பின்தங்கும் பிள்ளைகள் பலருக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அட்டை எழுதுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரு அட்டைக்கு ஒரே விஷயம். "நீர்ச் சுழற்சியின் நான்கு படிகள்" என்று நான் எழுதிய அட்டை வெகுநாள் முதல் அறையிலேயே கிடந்தது. மூன்றைச் சரியாகச் சொல்லி ஒன்றை விட்டால் அது சரியா தவறா? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான்காகப் பிரித்து எழுதியதும் நகர்ந்தது.

இனி பொருளின் குறைகள். அச்சடித்து வந்த 100 அட்டைகளை மூன்றாம் வாரமே எடுத்து வைத்துவிட்டேன். பாதி ஐந்து வயதுப் பிள்ளைக்கானவை, ஆப்பிள் படம் போட்டு "இது என்ன?" என்று கேட்பவை. ஒரு அட்டையில் 6 × 9 = 56 என்று அச்சாகியிருந்தது. பிள்ளை விடையை நம்பித் திருப்பும் பொருளில் இப்படி ஒரு பிழையை என்னால் மன்னிக்க முடியவில்லை. விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. யார் வாங்கினாலும் அச்சடித்த அட்டைகளைப் பெரியவர் ஒருவர் முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள்.

ஐந்து அறையும் ஒரே அகலம் என்பது அடுத்த குறை. யோசித்து வடிவமைத்திருந்தால் கடைசி அறைகளை அகலமாக விட்டிருப்பார்கள், ஏனென்றால் ஆண்டு போகப் போக அட்டைகள் அங்கேதான் குவியும். ஆறாம் மாதம் ஐந்தாம் அறை பிதுங்கி, தடுப்பு வளைந்து, நான்காம் அறை நசுங்கியது. கடைசித் தடுப்பைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஐந்தாம் அறை அட்டைகளைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன். மூடி எட்டாம் மாதம் கழன்றது. அட்டையை மடித்தே கீல் மாதிரி செய்திருக்கிறார்கள், தினமும் திறந்து மூடும் பொருளுக்கு அது தாங்காது.

வெற்று அட்டைகளின் தரம் நன்று. பென்சில், மை, கலர் பென்சில் எதுவும் பின்பக்கம் தெரியவில்லை. 200ம் தீர்ந்த பிறகு வேறு வாங்கத் தேவைப்படவில்லை. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதிப் பாதியாக மடித்து வெட்டினால் எட்டு ஏ7 அட்டை கிடைக்கும், பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும். சாதாரண எழுதும் தாள் வேண்டாம், விடை பின்னாலிருந்து தெரிந்துவிடும். படம் வரையும் கனமான தாள் போதும். இன்னும் சொன்னால், காலணி வந்த டப்பாவில் நான்கு அட்டைத் தடுப்பு ஒட்டினால் இதே வேலையைச் செய்யும். பணம் கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய பொருள் இல்லை இது. என் கணவரின் தங்கை அப்படித்தான் செய்துகொண்டார், அவர் மகனும் அதில்தான் படிக்கிறான். செய்ய நேரமில்லாதவர்கள் வாங்கலாம், வெற்று அட்டை மட்டும் வரும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் வீட்டில் பெட்டிக்குப் பத்து நிமிடம். மணல் கடிகாரம் ஒன்று வைத்திருக்கிறோம், மணல் தீர்ந்தால் அட்டை மிச்சம் இருந்தாலும் மூடிவிடுவோம். வீட்டுப்பாடம் பற்றி ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர் வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கைச் சொல்வார். மூன்றாம் வகுப்பு என்றால் எல்லாம் சேர்த்து நாளைக்கு முப்பது நிமிடம். அவரே 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு உயர் வகுப்புகளைவிடத் தொடக்க வகுப்புகளில் மிகக் குறைவாகத்தான் தெரிந்தது. அதைப் படித்த பிறகு இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. முதலில் படுக்கப்போகும் நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு அட்டை, இன்னொரு அட்டை என்று தூக்கம் தள்ளிப்போனது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரவு ஷிப்ட் பார்க்கும் எனக்குத் தூக்கம் குறைந்தால் மறுநாள் என்ன ஆகும் என்று உடம்பே சொல்லும். பெட்டியை மாலைக்கு மாற்றினோம், விளையாடி வந்து கை கால் கழுவிய பிறகு.

என் வாய்ப்பேச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. நிறைய அட்டை நகர்ந்த நாளில் "அறிவுக் கொழுந்து" என்று கொஞ்சுவேன். மறுநாள் நாலு தவறினால் அவளுக்கு அது தாங்கவில்லை, தவறிய அட்டையை ஒளித்து இரண்டாம் அறையில் செருகிவிட்டாள். கண்டுபிடித்தபோது கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. நான் அறிவைப் பாராட்டியதால்தானே தவறை மறைத்தாள்? முல்லர், டுவெக் என்ற இருவர் 1998இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமானது வந்ததும் தளர்ந்தார்கள், உழைப்பைப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். இப்போது நான் சொல்வது இப்படி: "இது நாலு தடவை கீழ வந்துச்சுல்ல, ஆனாலும் விடாம ஏத்திட்ட." அட்டை ஒவ்வொரு முறை முதல் அறைக்கு வரும்போதும் மூலையில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளி நிறைய உள்ள அட்டை ஐந்தாம் அறைக்குப் போகும் நாளில் அதை அப்பாவிடமும் பாட்டியிடமும் தூக்கிக் காட்டுவாள். ஒளிப்பது நின்றுவிட்டது.

எழுத்துகளைப் பிரித்தறியவே மிகச் சிரமப்படும் பிள்ளைக்கு, பல மாதமாகியும் முதல் அறை நகராத பிள்ளைக்கு, இன்னும் அட்டை சேர்த்துப் பயனில்லை. ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். பார்வையோ கேட்கும் திறனோ கற்றல் சிரமமோ காரணமாக இருக்கலாம், சீக்கிரம் கவனித்தால் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது.

இப்போது விடுமுறைக்கு என்ன செய்வது என்று நேற்று பேசினோம். புது அட்டை கிடையாது. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலையில், கடைசி இரண்டு அறைகள் மட்டும். 15 பெருக்கல் அட்டையையும் தன் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். அவன் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு போகப்போகிறான், இன்னும் இரண்டு ஆண்டு ஆகும் என்றேன். பரவாயில்லை என்று சொல்லி அவற்றைத் தனியாக ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மேலே தம்பி பெயரை எழுதி வைத்திருக்கிறாள். 7 × 8 அட்டையில் மட்டும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள்: "பாட்டிகிட்ட கேள்."